கூடிப்போன ஈயம்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் இயற்பியல்

முக்கொம்பைப் பார்க்காத திருச்சி மாணவர் இருக்க முடியாது. காணும் பொங்கலன்று கட்டுச்சோற்றுடன் வந்து, பூங்காவில் ஆடிப்பாடி, மேலணைப் பாலத்தின்மேல் நின்று தண்ணீரை வேடிக்கை பார்த்துவிட்டுப் பேருந்து ஏறியிருப்பீர்கள். எனக்கு அதுவே ஊர். காவிரி அங்கே இரண்டாகப் பிரிகிறது. பாசனத்துக்கு வேண்டிய நீர் காவிரியில் போகும். மிஞ்சிய வெள்ளம் கொள்ளிடத்தில் இறங்கும். வெள்ளத்தைக் கொள்ளும் இடமாதலால் கொள்ளிடம் என்று பெயர் வந்ததாக ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. ஆகவே ஒரு காலத்தில் காவிரிக்கு உரிய நீரும் சேர்ந்து அதில் இறங்கிவிட, தஞ்சை வயல்களுக்குத் தண்ணீர் குறைந்தது. 1836-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டத் தொடங்கியது அதற்காகத்தான்.

ஆனால் நான் எழுத வந்தது ஆற்றைப் பற்றியன்று; ஈயத்தைப் பற்றி. மின்சுற்றுப் பலகையில் ஈயம் அளவுக்கு மீறிப்போய்விட்டது, உறிஞ்சி எடுக்கும் கருவி எதுவும் கையில் இல்லை, என்ன செய்வது? இக்கேள்விக்கு விடை தேடிய ஒரு சனிக்கிழமை இரவில், மிகுதிக்கு ஒரு கொள்ளிடம் வேண்டும் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அது முக்கொம்பில் பிறந்ததன் பழக்கமாக இருக்கலாம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அகராதியில் இதற்குப் பற்றாசு என்று அழகான சொல் இருக்கிறது. ரேடியோக் கடையில் போய்ப் பற்றாசு கேட்டால் கடைக்காரர் விழிப்பார். 'லெட்' என்று கேட்டால் கம்பிச் சுருளை எடுத்துக் கொடுப்பார். லெட் என்றால் காரீயம். ஆனால் அந்தச் சுருளில் இருப்பது தனிக் காரீயம் அன்று. சாதாரணமாக நூற்றுக்கு 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்தது. வெள்ளீயம் தனியாக 232 டிகிரி செல்சியசிலும், காரீயம் தனியாக 327 டிகிரியிலும் உருகும். இரண்டையும் கலந்தால் இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் உருகும் என்றுதானே எண்ணுவோம்? அப்படியன்று. 183 டிகிரியிலேயே இளகத் தொடங்குகிறது. வெள்ளீயத்தை 63 பங்காக உயர்த்திவிட்டால், கூழ்நிலை என்பதே இல்லாமல் அந்த 183 டிகிரியில் நேராக நீராகிவிடும். யூடெக்டிக் கலவை என்று துணைப்பாட வேதியியலில் உருப்போட்டோமே, அது இதுதான். இக்கட்டுரையில் ஈயம் என்று நான் வெறுமனே சொல்லுமிடமெல்லாம் இந்தக் கலவையையே கொள்க.

நிற்க. சென்ற பருவத்தில் எங்களுக்கு 5 வோல்ட் மின்வழங்கி ஒன்றைச் செய்துகாட்டும் பணி தரப்பட்டது. ஒரு மின்மாற்றி, நான்கு டையோடுகள், ஒரு பெரிய மின்தேக்கி, 7805 என்னும் மூன்று கால் ஐ.சி. ஒன்று. வகுப்பில் கரும்பலகையில் பார்த்தால் ஐந்து நிமிட வேலை. நான் அதுவரை பற்றுக்கோலைக் கையால் தொட்டவள் அல்லள். பொருள்கள் வாங்கியது என் அப்பாவின் இரண்டு நாள் வருமானத்தில். அந்தப் பயத்தில், இணைப்பு விட்டுவிடக் கூடாதே என்று ஈயத்தைத் தாராளமாக ஊட்டினேன். 7805-இன் கால்களுக்கு இடையே உள்ள தூரம் 2.54 மில்லிமீட்டர். மூன்று கால்களையும் ஒரே ஈயக் கட்டி மூடிக்கொண்டது.

விரிவுரையாளர் பலகையைத் திருப்பிப் பார்த்தார். "சுவிட்சைப் போட்டுவிடாதே அம்மா" என்றார். மின்சாரம் உள்ளே வரும் காலும், தரைக் காலும், வெளியே போகும் காலும் ஒன்றாகிக் கிடந்தன. போட்டிருந்தால் மின்மாற்றி குறுக்குச்சுற்றாகிச் சூடேறியிருக்கும். ஆய்வகத்தில் இருந்த ஒரே ஈய உறிஞ்சியின் சுருள்வில் அன்று தளர்ந்துபோயிருந்தது. எத்தனையோ கைகள் மாறிமாறி அழுத்திய பொருள். அதைக் குறை சொல்வதற்கில்லை. திங்கட்கிழமைக்குள் சரிசெய்து கொண்டுவரச் சொன்னார். தோழியிடம் 25 வாட் பற்றுக்கோல் ஒன்றை இரவல் வாங்கி, பலகையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, கரூர் சாலைப் பேருந்தில் ஏறினேன்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். நான் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள். அதற்கான சான்றிதழும் வாங்கி வைத்திருக்கிறேன். கல்லூரியில் சேரும்போது படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதினேன். என் அப்பா வாழைத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போவது உண்மைதான். ஆனால் அவர் தொழில் அதுவன்று. அவர் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். என் சிறுவயதில் துருத்தியையும் கரிமூட்டையையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஜீயபுரம், முத்தரசநல்லூர், கம்பரசம்பேட்டை வழியாகத் திருவரங்கம் போய், உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் குரல் கொடுத்துக்கொண்டு நடப்பார். எவர்சில்வர் வந்து அந்தத் தொழிலைத் தின்றது. இப்போது கல்யாண அண்டாக்களும், இன்னும் பித்தளையை விடாத சில வீடுகளும் மட்டும் மிச்சம். கணக்கெழுதும் மேசைக்கு எதிரே நின்றபோது 'ஈயம் பூசுபவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அன்றிரவு பலகையைக் கீழே வைத்துக்கொண்டு நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அப்பா அருகில் வந்தார்.

"என்னம்மா இது, இட்லி மாதிரி ஊத்தி வச்சிருக்க?"

"கூடிப்போச்சுப்பா. எடுக்கணும். எடுக்கிற கருவி இல்ல."

"கருவி எதுக்கு? கூடிப்போனா துடைச்சு எடுக்க வேண்டியதுதான."

பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இது விளங்கும். புளியும் மணலும் போட்டுத் தேய்த்த பாத்திரத்தைக் கரி நெருப்பில் காட்டுவார்கள். நன்றாகச் சூடேறியதும் நவச்சாரப் பொடியைத் தூவி, வெள்ளீயக் கட்டியை ஓரிடத்தில் தொட்டு இழுத்து, பஞ்சாலோ துணியாலோ ஒரே வீச்சில் துடைத்துப் பரப்புவார்கள். குப்பென்று வெள்ளைப் புகை எழும். துணியோடு வந்தது மிகுதி. துடைத்தபின் நிற்பது பூச்சு. பூச்சு என்பது துடைத்தாலும் வராத அந்த மெல்லிய ஈயம்தான். செம்பும் வெள்ளீயமும் ஒன்றோடொன்று கலந்து உண்டான படலம் அதன் அடியில் இருக்கிறது. சுற்றுப் பலகையிலும் இதே நிலைதான். கட்டியை எடுத்தபின் செம்புப் பரப்பில் வெள்ளி நிறத்தில் ஒரு பளபளப்பு நிற்கும். அதையும் சுரண்டி எடுத்துச் செம்பு நிறத்தைக் காணவேண்டும் என்று சிலர் பாடுபடுகிறார்கள். வேண்டாத வேலை. அடுத்த முறை ஈயம் ஒட்டுவதற்கு அப்படலமே உதவும்.

"துணியெல்லாம் இங்க முடியாதுப்பா, இடம் ரொம்பச் சின்னது" என்றேன். அப்பா சற்று யோசித்தார். பழைய மின்கம்பி ஒன்றை எடுத்து, மேலுறையை உரித்து, உள்ளே இருந்த செம்பு இழைகளைப் புளியால் தேய்த்துக் கழுவித் துடைத்தார். "செம்பு மெருகா இருந்தா ஈயம் அதுவாத் தேடிப் போகும்" என்றார். நவச்சாரப் பொடியில் இழைகளின் முனையைப் புரட்டி, ஈயக் கட்டியின்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டார். நான் மேலே பற்றுக்கோலை அழுத்தினேன். இரண்டு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, திரியில் எண்ணெய் ஏறுவதைப்போல், ஈயம் சரசரவென்று இழைகளுக்குள் ஏறிற்று. ஈயம் குடித்த முனையை வெட்டிப் போட்டுவிட்டு அடுத்த முனையை வைத்தோம். நான்காவது முறையில் மூன்று கால்களும் தனித்தனியாகத் தெரிந்தன.

இதில் இயற்பியல் எங்கே இருக்கிறது? முழுக்க முழுக்க முதலாண்டுப் பாடத்தில் இருக்கிறது. நுண்புழையில் நீர்மம் ஏறும் உயரத்துக்கு நாம் எழுதும் சூத்திரத்தை நினைவுகூருங்கள். பரப்பு இழுவிசையின் இருமடங்கை, ஆரம், அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம் ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுக்கவேண்டும். உருகிய ஈயத்தின் பரப்பு இழுவிசை ஏறத்தாழ 0.45 நியூட்டன்/மீட்டர். தண்ணீரைப்போல் ஆறு மடங்கு! அடர்த்தி கனமீட்டருக்கு 8200 கிலோகிராம் என்று கொள்வோம். செம்பு இழைகளுக்கு இடையே உள்ள சந்தை 0.05 மில்லிமீட்டர் ஆரமுள்ள குழாயாக எண்ணி, சேர்கோணத்தைச் சுழி என்று வைத்துக் கணக்கிட்டால், உயரம் 22 சென்டிமீட்டர் வருகிறது. உண்மையில் ஒரு சென்டிமீட்டர் ஏறுமுன்பே ஈயம் குளிர்ந்து உறைந்துவிடும். ஆனால் இழுக்கும் விசை எவ்வளவு பெரிது என்பதை இக்கணக்கு காட்டுகிறது. காசு கொடுத்து வாங்கும் உறிஞ்சி எவ்வளவு திறமையாக இழுத்தாலும் ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குமேல் இழுக்க முடியாது. நம் பழைய கம்பி அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை ஓசையில்லாமல் இழுக்கிறது.

பரப்பு இழுவிசை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. திருவானைக்காவலில் 1888-ஆம் ஆண்டு பிறந்த சர் சி. வி. இராமனை ஒளிச்சிதறலோடு மட்டுமே சேர்த்துப் பேசுகிறோம். அவர் 1907-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று நீர்மங்களின் பரப்பு இழுவிசையை அளப்பதற்கான முறையைப் பற்றியது. அப்போது அவருக்கு வயது நம்மைவிடக் குறைவு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பிறந்தவர் துளிகளைப் பற்றி யோசித்தது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

மேற்சொன்ன கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. சேர்கோணம் சிறிதாக இருந்தால்தான் ஈயம் ஏறும். கண்ணாடிமேல் பாதரசம் உருண்டு நிற்பதுபோல, ஆக்சைடு படிந்த செம்பின்மேல் ஈயமும் உருண்டுதான் நிற்கும், உள்ளே போகாது. அதற்காகத்தான் புளி, அதற்காகத்தான் இளக்கி. பாத்திரத்துக்கு நவச்சாரம் எதுவோ, மின்சுற்றுக்கு ரோசின் அது. பைன் மரப் பிசினிலிருந்து கிடைப்பது. லெட் கம்பியின் நடுவிலேயே புழுவைப்போல் ஓடும். ரேடியோக் கடைகளில் டப்பாவிலும் கிடைக்கும். நவச்சாரத்தைப் பற்றி இன்னும் ஒரு சோகக் கதை இருக்கிறது. அதற்குச் சற்றுப் பின்னர் வருகிறேன்.

கம்பி இழைகளைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியவை சில. நீளமான கம்பியை வைத்தால் வெப்பம் முழுவதையும் அதுவே கடத்திக்கொண்டு போய்விடும், இணைப்பு சூடேறாது, பிடித்திருக்கும் விரல்தான் சூடேறும். சிறு துண்டாக வெட்டி இடுக்கியால் பிடிப்பது நல்லது. பழைய கேபிள் டி.வி. கம்பியின் உள்ளே இருக்கும் பின்னல் இதற்காகவே செய்ததுபோல் அமைந்திருக்கும். ஆனால் மலிவான கம்பிகளில் அப்பின்னல் அலுமினியமாக இருக்கும். அலுமினியத்தில் ஈயம் ஒட்டாது. நான் அரைமணி நேரம் அதோடு மல்லாடிய பிறகே கத்தியால் சுரண்டிப் பார்த்தேன். கம்பியை இணைப்பின்மேல் வைத்துத் தேய்க்கவும் கூடாது. அழுத்திப் பிடித்தால் போதும். எடுக்கும்போது கம்பியையும் பற்றுக்கோலையும் ஒன்றாக எடுக்கவேண்டும். கோலை முதலில் எடுத்துவிட்டால் கம்பி பலகையோடு ஒட்டிக்கொள்ளும். அவசரத்தில் இழுத்தால் செம்புத் தகடும் சேர்ந்து வந்துவிடும்.

கம்பியே இல்லையென்றால்? பற்றுக்கோல் ஒன்றே போதும். பொறுமை சற்று வேண்டும். கோலின் முனையை ஈரத்துணியில் துடைத்துச் சுத்தமாக்குங்கள். பலகையைச் செங்குத்தாகவோ, ஈயம் கீழ்நோக்கி இருக்கும்படியோ பிடித்து, முனையை அடியிலிருந்து கொடுங்கள். ஈயத்தில் ஒரு பகுதி கோலுக்கு இறங்கும். துடையுங்கள். மீண்டும் கொடுங்கள். ஐந்தாறு முறையில் பெரும்பாலும் குறைந்துவிடும். எல்லாம் ஏன் தானாகக் கீழே விழுவதில்லை என்று நான் முதலில் திகைத்தேன். இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள துளியில் எடையைவிடப் பரப்பு இழுவிசையின் கை ஓங்கியிருக்கிறது. ஆகவே துளி தொங்கிக்கொண்டிருக்குமே தவிர விழாது.

அதை விழவைக்கத் தட்டுவதுதான் வழி. ஈயம் உருகியிருக்கும்போதே பலகையின் ஓரத்தை மேசை விளிம்பில் 'டக்' கென்று ஒரு தட்டுத் தட்டினால் துளி தெறித்துவிடும். ஐந்து சென்டிமீட்டர் உயரத்திலிருந்து இறக்கி, ஒரு மில்லி நொடியில் நிறுத்தினால், துளிக்கு ஏற்படும் எதிர்முடுக்கம் புவியீர்ப்பைப்போல் நூறு மடங்கு. கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் எனக்கு இம்முறை பிடிக்கவில்லை. தெறிக்கும் ஈயம் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. பலகையிலேயே வேறு இரண்டு கால்களுக்கு நடுவே போய் உட்கார்ந்து புதிய குறுக்குச்சுற்றை உண்டாக்கும். கண்ணில் பட்டால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடி அணியாமல், அருகில் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒருபோதும் தட்டாதீர்கள். பேனாக் குழாயை வைத்து வாயால் ஊதுவோரும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதையே சொல்வேன்.

ஒரு முரணான செய்தி. பழைய இணைப்பிலிருந்து ஈயத்தை எடுக்கவேண்டுமானால் முதலில் அதில் கொஞ்சம் புது ஈயத்தைச் சேர்க்கவேண்டும்! பழைய ஈயத்தின்மேல் ஆக்சைடு தோல் போர்த்தியிருக்கும். அதிலிருந்த ரோசின் எப்போதோ எரிந்துபோயிருக்கும். வெறும் கோலை வைத்து அழுத்தினால் வெப்பம் உள்ளே போகாது. புது ஈயம் ஒரு துளி சேர்ந்தால், அதிலுள்ள ரோசின் தோலைக் கிழிக்கும். நீர்ம ஈயம் கோலுக்கும் இணைப்புக்கும் நடுவே பாலமாகும். இப்போது வரும் பலகைகள் பலவற்றில் காரீயமே இல்லாத ஈயம்தான் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2006-ஆம் ஆண்டு சூலை முதல் மின்னணுப் பொருள்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்தியது. நம் நாட்டு மின்கழிவு விதிகளும் பின்னர் அதைச் சேர்த்துக்கொண்டன. அந்தக் கலவை உருக ஏறத்தாழ 217 டிகிரிக்குமேல் வேண்டும். 25 வாட் கோல் திணறும். அங்கேயும் நம் பழைய லெட்டை ஒரு துளி சேர்த்தால், கலவையின் உருகுநிலை இறங்கி வேலை எளிதாகிறது.

கட்டியை எடுத்த பின்னும் துளை அடைபட்டு நிற்கும். இதற்கு எங்கள் வீட்டில் கிடைத்த கருவி தென்னை ஈர்க்கு. மரத்தின்மேல் ஈயம் ஒட்டாது. துளையின் ஒருபுறம் கோலை வைத்துச் சூடேற்றி, மறுபுறம் கூர்சீவிய ஈர்க்கை மெல்ல நுழைத்து, கோலை எடுத்தபின் சுழற்றி வெளியே இழுத்தால் துளை திறந்திருக்கும். ஈர்க்கின் நுனி கருகும், மீண்டும் சீவிக்கொள்ளலாம். எவர்சில்வர் ஊசியும் பயன்படும், அதிலும் ஈயம் எளிதில் ஒட்டாது. அப்பாவின் தொழிலைத் தின்ற எவர்சில்வர் இந்த இடத்தில் மட்டும் எனக்கு உதவிற்று என்று சொல்லிச் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

எம்முறையானாலும் ஓரிடத்தில் மூன்று நான்கு நொடிக்குமேல் கோலை வைக்கலாகாது. பலகையில் உள்ள செம்புத் தகடு பொதுவாக 35 மைக்ரான் பருமனே உடையது. அதைப் பிடித்திருப்பது பசை. அளவுக்கு மீறிச் சூடேறினால் பசை விட்டு, தகடு பலாச்சுளைத் தோலைப்போல் மேலே சுருண்டு எழும். முதல் முயற்சியில் வரவில்லையானால் ஆறவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

திங்கட்கிழமை பலகை வேலை செய்தது. வோல்ட்மீட்டர் 5-ஐக் காட்டியது. மதிப்பெண்ணும் கிடைத்தது. எப்படி எடுத்தாய் என்று விரிவுரையாளர் கேட்டபோது, "செம்புக் கம்பி வைத்து" என்று மட்டும் சொன்னேன். யார் சொல்லிக்கொடுத்தார் என்பதைச் சொல்லவில்லை.

கதை அங்கே முடியவில்லை. மழைக்காலம் வந்தது. மாதிரித் தேர்வுக்கு அதே பலகையை எடுத்தபோது மின்வழங்கி உயிரின்றிக் கிடந்தது. திருப்பிப் பார்த்தால் 7805-இன் கால்களைச் சுற்றிப் பச்சைக் களிம்பு! ஒரு செம்புத் தடம் அரித்து அறுந்தே போயிருந்தது. நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. சூட்டில் அது பிரிந்து ஐதரோகுளோரிக் அமிலத்தை வெளியிடுகிறது. செம்பின் ஆக்சைடைத் தின்று பளபளப்பாக்குவது அந்த அமிலமே. மிஞ்சிய உப்பு காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டு, ஆக்சைடு தீர்ந்தபின் செம்பையே தின்னத் தொடங்கும். ரோசின் அப்படிச் செய்யாது; சூட்டில் மட்டும் வேலை செய்து, ஆறியதும் கண்ணாடிபோல் உறைந்து சும்மா கிடக்கும். நூலைப் படித்து இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டு, வீட்டுக்குப் போய், சற்றுக் கர்வத்தோடேயே சொன்னேன்: "உங்க நவச்சாரம் பலகையைத் தின்னுடுச்சுப்பா."

அப்பா பலகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கழுவினியா?" என்றார்.

நான் விழித்தேன்.

"பூசி முடிச்சதும் பாத்திரத்தை என்ன செய்வேன்? தண்ணியில முக்கித் தேய்ச்சுக் கழுவுவேன்ல? கழுவாம வச்சா பித்தளையும்தான் பச்சை புடிக்கும். நீ கழுவுவன்னு நெனச்சேன்."

எத்தனை முறை அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்! சுடு பாத்திரம் தொட்டியில் இறங்கும்போது எழும் 'சுர்' என்ற ஓசை இன்னும் காதில் இருக்கிறது. அதை ஒரு வேடிக்கையாகக் கண்டேனேயொழிய ஒரு செய்முறைப் படியாகக் காணவில்லை. ஆகவே அன்பர்களே, நவச்சாரத்தையும், தகரவேலைக்கென விற்கும் அமிலம் கலந்த பேஸ்டையும் சுற்றுப் பலகையின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். தெரியாமல் போட்டுவிட்டீர்களானால், மின்சாரத்தை அறவே நீக்கி, மின்மாற்றியைத் தனியே கழற்றி வைத்துவிட்டு, வெந்நீரும் பழைய பல்தூரிகையும் கொண்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, முழுக்க உலர்த்துங்கள். அன்று நான் அப்படியே செய்தேன். அறுந்த தடத்தின் இரு முனைகளையும் சுரண்டி, ஒற்றைச் செம்பு இழையைக் குறுக்கே வைத்து, இம்முறை ரோசினோடு, மிகக் கொஞ்சமாக ஈயம் வைத்தேன். அப்பா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "போதும், போதும்" என்று இரண்டு முறை சொன்னார்.

உடல்நலத்தைப் பற்றியும் ஒரு சொல். பற்றுக்கோலிலிருந்து எழும் புகை காரீயப் புகை என்று பலர் அஞ்சுகிறார்கள். கோலின் வெப்பத்தில் காரீயம் குறிப்பிடத்தக்க அளவு ஆவியாவதில்லை. அந்தப் புகை ரோசினுடையது. ஆயினும் அது மூச்சுக்குழலை உறுத்தும்; ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. சன்னலருகே உட்காருங்கள். காரீயம் உடலில் புகுவது கைவழியாகத்தான். ஈயத்தைத் தொட்ட கையோடு முறுக்குத் தின்னக் கூடாது. கம்பியைப் பல்லால் கடிக்கவே கூடாது. ஆய்வகத்தில் நம்மில் எத்தனை பேர் அப்படிக் கடிக்கிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அப்பாவுக்கு இதில் ஒரு கண்டிப்பு உண்டு. வெள்ளீயக் கட்டியை வாங்கும்போது கடையிலேயே காதருகே வைத்து வளைத்துப் பார்ப்பார். சுத்த வெள்ளீயம் வளையும்போது 'கரகர' வென்று மெல்ல முனகும். உள்ளே படிகங்கள் நிலை மாறுவதால் எழும் ஓசை அது என்பதை நான் இந்த ஆண்டுதான் படித்தேன். முனகாத கட்டியில் கலப்படம் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். காகிதத்தில் இழுத்துக் கருங்கோடு விழுந்தாலும் வாங்கமாட்டார். மலிவுக்காகக் காரீயம் கலந்து பூசினால், புளிக்குழம்பின் வழியே அது வீட்டிலுள்ள குழந்தையின் வயிற்றுக்குள் போகும்.

எல்லாம் முடிந்தபின், ஈயம் குடித்த கம்பித் துண்டுகளும் துணியில் துடைத்த துளிகளுமாக ஒரு கைப்பிடி சேர்ந்திருந்தது. அப்பா அவற்றைப் பொறுக்கி எடுத்தார். தம் தகரப் பெட்டியின் பக்கம் அவர் திரும்பியதும், "அப்பா, அதுல காரீயம் இருக்கு, பாத்திரத்துக்கு ஆகாது" என்று எழுந்துவிட்டேன்.

"தெரியும்மா. உனக்குத்தான் எடுத்து வைக்கிறேன்" என்று சொல்லி, பெட்டிக்குப் பின்னாலிருந்த ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து அதில் போட்டு மூடினார். "மேல எழுதி ஒட்டிடு. நாளைக்கு நான் இல்லாதப்ப யாராவது மாத்தி எடுத்துடப் போறாங்க."

'லெட் கலந்தது, பாத்திரத்துக்கு அன்று' என்று எழுதி ஒட்டினேன். இந்த ஆண்டு உதவித்தொகைக்கான படிவத்தை நிரப்பும்போது தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'ஈயம் பூசுதல்' என்று எழுதினேன். எழுத்தர் அதைப் படித்துவிட்டு, தம் வீட்டில் ஒரு பித்தளை அண்டா இருப்பதாகவும், அப்பா எந்தக் கிழமை திருவரங்கம் பக்கம் வருவார் என்றும் கேட்டார். வியாழக்கிழமை என்று சொன்னேன்.